அண்ணலை ஆளாக்கிய இல்லம்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் இராணுவக் குடியிருப்பில், இராம்ஜி சக்பால் – பீமாபாய் தம்பதியரின் பதினான்காம் குழந்தையாகத் தோன்றினார் அண்ணல் அம்பேத்கர். தீண்டாமை நம்மவர்க்குப் பள்ளிக் கதவை அடைத்திருந்த காலம் அது. ஆயினும் இராணுவம் தன் வீரர்க்குக் கல்வி அளித்தமையால் இராம்ஜி கற்றார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கினார். தாம் சுவைத்த கல்வியைத் தம் மக்களுக்கும் ஊட்டினார்.

சாத்தாராப் பள்ளியில் சிறுவன் பீமன் தனியே கோணியில் அமர்ந்தான். தண்ணீரைத் தொடவும் உரிமையில்லை. பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின் வறுமை வாட்டியது. இருவரையும் படிக்கவைக்க இயலாமையால், அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். பரேலில் வீடென்பது ஒரே அறை. மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தார் தந்தை. நூல் வாங்க மணமான தம் பெண்களிடம் கடன் பெற்றார். 1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறினார், 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் மகன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தார்.

இத்தகைய தந்தை வாய்க்காத பிள்ளைகள் எத்தனை எத்தனை! அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். இளைஞர்களே, படித்த நீங்கள் ஒவ்வொருவரும் எழுத்தறியா இல்லத்துப் பிள்ளை ஒன்றுக்கு இராம்ஜியாய் விழித்திருங்கள்.