ஸ்ரீமான் ஜி. சுப்பிரமணிய ஐயர்

1855-ஆம் ஆண்டில் திருவையாற்றில் பிறந்த இப்பெரியார், சென்னையில் உபாத்தியாயராயிருக்குங்கால், 1878-இல் நண்பர் ஐவருடன் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் பெற்று 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினார். முதலில் அச்சிட்டவை எண்பது பிரதிகளே. ஆங்கிலமறியாத ஜனங்களுக்கும் ராஜீய விஷயங்கள் எட்டவேண்டுமென்று 1882-இல் 'சுதேசமித்திரன்' கண்டார்.

1889-இல், பால்ய விதவையான தம் குமாரத்திக்குப் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். நம் வகுப்பினரே அவரை விலக்கிவைத்தனர். நமது சங்கப் பத்திரிகை இதனை மறைத்தல் தகாது. அவரோ தாம் செய்ததற்கு ஒருபோதும் வருந்தினாரல்லர்; விதவைகளின் பொருட்டுப் பின்னும் எழுதியே வந்தார்.

1898-இல் 'ஹிந்து'வை விட்டு நீங்கி, மறு ஆண்டே மித்திரனைத் தினசரியாக்கினார். பிரிட்டிஷ் ஆட்சியால் நம் தேசம் வறுமையுற்ற காரணங்களை ஆராய்ந்து 1903-இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். 1904-இல் பாரதியாரைத் தம் பத்திரிகையில் அமர்த்திக்கொண்டவரும் இவரே. 1908-இல் ராஜத்துவேஷக் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டார். நோயால் நலிந்து 1916-இல் காலமானார்.