குதிரைக்குப் பெயர் கொடுத்தவர், ஒட்டகத்துக்கு முகவரி கொடுத்தவர்! - பாலைவனப் பயணி பிரஷெவால்ஸ்கியின் கதை

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அலெக்சாண்டர் பூங்கா என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே மார்பளவுச் சிலை ஒன்று நிற்கிறது. அடர்த்தியான மீசை, ராணுவ உடை, கம்பீரமான பார்வை. சுற்றுலாப் பயணிகள் பலரும் அதைப் பார்த்ததும் ஸ்டாலின் என்று நினைத்துவிடுவார்கள். அவ்வளவு ஜாடை! ஆனால், பீடத்தின் கீழே பார்த்தால் குழப்பம் வரும். முதுகில் மூட்டை முடிச்சுகளோடு ஓர் ஒட்டகம் படுத்திருக்கும். பனி கொட்டுற ஊர்ல ஒட்டகத்துக்கு என்ன வேலை?

அந்த மீசைக்காரரின் பெயர் நிக்கோலாய் பிரஷெவால்ஸ்கி. உச்சரிக்கக் கொஞ்சம் கஷ்டமான பெயர்தான். ஆனால், இன்று உலகத்தில் சுமார் 950 மட்டுமே மிஞ்சியிருப்பதாகக் கணக்கிடப்படும் ஓர் உயிரினத்தின் கதை, இவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாத கதை.

வேட்டைக்காரப் பையன்

1839-ம் ஆண்டு, ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் இருக்கும் கிம்போரோவோ என்ற கிராமத்தில் பிறந்தார் பிரஷெவால்ஸ்கி. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். தாய்மாமாவோடு சேர்ந்து காடு மேடெல்லாம் துப்பாக்கியோடு சுற்றியதுதான் இவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். பறவையை அதன் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது, காலடித் தடத்தைப் பார்த்து மிருகத்தைத் தேடிப்போவது எல்லாம் அங்கே கற்றதுதான்.

16 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். ஆனால், முகாம் வாழ்க்கை இவருக்கு ஒட்டவே இல்லை. சக வீரர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருக்க, இவர் செடி கொடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். ராணுவ அகாடமியில் படித்து முடித்து, வார்சாவில் இளம் ராணுவ மாணவர்களுக்குப் புவியியலும் வரலாறும் பாடம் எடுத்தார். வரைபடத்தில் மத்திய ஆசியாவைக் காட்டும்போது நடுவில் பெரிய வெற்றிடம் இருக்கும். ஐரோப்பியர் யாருக்கும் அங்கே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. நாமே போய்ப் பார்த்தா என்ன என்ற ஆசை மனுஷனைத் தூங்கவிடவில்லை.

நாலு பேர், கொஞ்சம் பணம், பெரிய பாலைவனம்

முதலில் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் உசூரி பகுதிக்குப் போய், தன்னால் முடியும் என்று நிரூபித்தார். அடுத்து, 1870-ல் மங்கோலியா வழியாகக் கோபி பாலைவனத்துக்குள் நுழைந்தார். எத்தனை பேரோடு தெரியுமா? இவரையும் சேர்த்து நான்கே பேர்! கையில் இருந்த பணமும் கொஞ்சம்தான்.

கோபி என்றதும் நம் மனதில் வருவது கொதிக்கும் மணல்தானே? பாதி உண்மைதான். கோடையில் 40 டிகிரியைத் தொடும் அதே இடம், குளிர்காலத்தில் மைனஸ் 40-க்கும் இறங்கும். பெரும்பகுதி மணல்கூட இல்லை, வெறும் கல்லும் சரளையும்தான். அங்கே மனிதனைச் சுமக்கவும் மூட்டையைச் சுமக்கவும் ஒரே நம்பிக்கை, இரட்டைத் திமில் கொண்ட வளர்ப்பு ஒட்டகம். அது படுத்துவிட்டால் பயணமே படுத்துவிடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சிலைக்குக் கீழே படுத்திருப்பது இந்த ஒட்டகம்தான்.

மூன்று ஆண்டுகள் நீடித்த அந்தப் பயணத்தில், உள்ளூர் மக்கள் வேறோர் ஒட்டகத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டார். யாருக்கும் சொந்தமில்லாத, மனிதனைக் கண்டாலே ஓடிவிடும் காட்டு ஒட்டகம். மங்கோலியர்கள் அதற்கு ஹவ்தகாய் என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள்.

குறி தப்பிய தோட்டா

1876-ல் இரண்டாவது பயணம் கிளம்பினார். டியான்ஷான் மலைகளைத் தாண்டி, தாரிம் ஆற்றின் ஓரமாகவே போய், இன்று சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் இருக்கும் லோப் நோர் ஏரிப் பகுதியை அடைந்தார். அதற்குத் தெற்கே சுவர்போல எழுந்து நின்ற அல்தின் தாக் மலைத்தொடரை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவர்தான்.

1877-ன் குளிர்காலத்தில் காட்டு ஒட்டகத்தைத் தேடி அந்த மலையடிவாரத்தில் அலைந்தார். குறிபார்த்துச் சுடுவதில் பேர் வாங்கிய மனுஷன். ஆனால், கண்ணில் பட்டது ஒரே ஒரு தடவை. சுட்டார், குறி தப்பியது. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது லோப் நோர் பகுதியின் உள்ளூர் வேட்டைக்காரர்கள்தான். வெகுமதி தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்ப, அவர்கள் காட்டு ஒட்டகத் தோல்களோடு திரும்பினார்கள். 1878-ல் இவர் எழுதிய விவரிப்புதான், இன்றுவரை கமேலஸ் ஃபெரஸ் என்ற அறிவியல் பெயருக்கு அடிப்படை.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கண்டுபிடித்தவர் என்று இவரைச் சொல்கிறோம். ஆனால், அந்த ஒட்டகம் எங்கே தண்ணீர் குடிக்கும், எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அந்த வேட்டைக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

நிறைகளும் கறைகளும்

பிரஷெவால்ஸ்கியைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவர் ஜார் மன்னரின் ராணுவ அதிகாரி. செடிகளைச் சேகரித்த அதே கையால் ரஷ்யாவுக்குப் பயன்படும் ராணுவத் தகவல்களையும் சேகரித்தார். சீனர்களையும் உள்ளூர் மக்களையும் மட்டமாக எழுதினார். அந்த எழுத்துகளை இன்று படித்தால் முகம் சுளிக்கத்தான் செய்வோம்.

இன்னொரு பக்கம், மலைக்க வைக்கும் உழைப்பு. மொத்தப் பயணத் தூரம் 30,000 கி.மீ-க்கும் மேல். கொண்டுவந்து சேர்த்த தாவர மாதிரிகள் 15,000-க்கும் அதிகம். லண்டன் ராயல் புவியியல் கழகம் 1879-ல் தங்கப்பதக்கம் கொடுத்தது. அவர் கொண்டுவந்த ஒரு தோலையும் மண்டையோட்டையும் வைத்து, 1881-ல் ஒரு காட்டுக் குதிரைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் திரும்பினால், எப்போது மறுபடி பாலைவனம் என்பதே யோசனை.

அவருக்கு எட்டாமலே போன ஒரே கனவு, திபெத்தின் லாசா நகரம். 1879-ல் சுமார் 250 கி.மீ தூரம் வரை நெருங்கியும் திருப்பி அனுப்பப்பட்டார். மீண்டும் முயல 1888-ல் கிளம்பியவரை டைஃபாய்டு காய்ச்சல் பிடித்தது. இன்றைய கிர்கிஸ்தானில் உள்ள கரகோல் ஊரில், 49 வயதில் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படியே பயண உடையில், இசிக்குல் ஏரிக்கரையில் புதைத்தார்கள்.

அதுக்கப்புறம் அந்த ஒட்டகம் என்னாச்சு?

வீட்டு ஒட்டகம் தப்பியோடிப் பெருகிய கூட்டம்தானே இது என்ற சந்தேகம் அவர் காலத்திலேயே கிளம்பியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய இந்த விவாதத்துக்கு மரபணு ஆய்வுதான் முற்றுப்புள்ளி வைத்தது. வளர்ப்பு ஒட்டகமும் இதுவும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன தனித்தனி வழிகள். கடல்நீரைவிட உப்பான ஊற்றுநீரைக் குடித்தும் இது உயிர்வாழும்!

பிரஷெவால்ஸ்கி பார்த்த லோப் நோர் இன்று வறண்ட உப்புத் தரை. 1964 முதல் 1996 வரை சீனா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது இந்தப் பகுதியில்தான். வேடிக்கை என்னன்னா, ராணுவக் கட்டுப்பாட்டால் ஆட்கள் நடமாட்டம் இல்லாமல் போக, ஒட்டகம் அங்கே தாக்குப்பிடித்தது. சோதனைகள் நின்ற பிறகு வந்தவர்கள்தான் பெரிய ஆபத்து. சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டுபவர்கள் ஊற்றுகளை ஆக்கிரமிக்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். மங்கோலியப் பக்கம் வேறு சிக்கல். மேய்ச்சலுக்கு வரும் வளர்ப்பு ஒட்டகங்களோடு கலப்பு ஏற்பட்டால், தனி இனம் என்பதே கரைந்துபோகும். 13 மாதம் சுமந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால், இழப்பை ஈடுகட்டுவதும் சுலபமில்லை.

மங்கோலியா 1975-லேயே பெரிய கோபி பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. சீனாவும் பின்னர் லோப் நோரில் காட்டு ஒட்டகங்களுக்கென்றே சரணாலயம் அமைத்தது.

இப்போது அந்தக் குதிரையை நினைத்துப் பாருங்கள். பிரஷெவால்ஸ்கி பெயர் தாங்கிய குதிரை 1960-களின் கடைசியில் காட்டிலிருந்தே மறைந்துபோனது. ஆனால், ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் வளர்ந்தவற்றின் சந்ததியை 1992-ல் மங்கோலியாவுக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை மீண்டும் புல்வெளியில் ஓடுகின்றன. காட்டு ஒட்டகத்துக்கு அந்த வசதி கிடையாது. காப்பகங்களில் இருப்பவை மிகச் சொற்பம், அதிலும் பெரும்பாலானவை மங்கோலியாவில் உள்ள ஓர் இனப்பெருக்க மையத்தில்தான். பாலைவனத்தில் இருக்கும் அந்த 950-ம் போய்விட்டால், திருப்பிக் கொண்டுவர வேறெங்கும் போதுமான ஒட்டகங்கள் இல்லை.

அடுத்த முறை ஒட்டகம் என்றதும் மூட்டை சுமக்கும் மிருகம் ஞாபகத்துக்கு வந்தால், இதையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. யாருடைய மூட்டையையும் இதுவரை சுமக்காத ஓர் ஒட்டகம், கோபியில் இன்னும் உப்புத் தண்ணீரைத் தேடி நடந்துகொண்டிருக்கிறது.