லூயிசா மே ஆல்காட் அம்மையார்

இளைஞர் படித்தற்குரிய கதை நூல்கள் இருவகைப்படும். ஒழுக்கம் போதிக்கும் பொருட்டுப் பிள்ளைகளைப் பொம்மைகளாக்கி ஆட்டி வைப்பன ஒருவகை. பிள்ளைகள் உள்ளவாறே நடமாடித் தாம் யார் என்பதைத் தாமே தேடிக் காணுமாறு அமைவன மற்றொருவகை. முதல்வகை நூல்கள் மலிந்திருந்த காலத்தில் இரண்டாம் வகைக்கு வழிகாட்டியவற்றுள் சிறந்ததொன்று 'லிட்டில் விமென்' என்னும் நவீனம். இளநங்கையர் என அதன் பெயரைத் தமிழில் உரைக்கலாம். அதனை இயற்றியவர் அமெரிக்க நாட்டு லூயிசா மே ஆல்காட் அம்மையார். தமக்குரிய குரலை அவர் எளிதிற் பெற்றாரல்லர். பிறர் குரல்கள் பலவற்றிற் பேசிப் பார்த்த பின்னரே அது அவருக்கு வாய்த்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் பெற்றோரும்

லூயிசா 1832-ம் ஆண்டு நவம்பர் 29-ம் நாள் பென்ஸில்வேனியா மாகாணத்து ஜெர்மன்டவுனில் பிறந்தார். தந்தையார் ஆமஸ் பிரான்ஸன் ஆல்காட். தாயார் அபிகேயில் மே. அன்னா, லூயிசா, எலிசபெத்து, மே எனப் பெண்மக்கள் நால்வர். தந்தையார் சிறந்த சிந்தனையாளர். உரையாடல் வாயிலாகவே பிள்ளைகளின் அறிவைத் துலக்கலாம் என்னும் கொள்கையினர். பாஸ்டன் நகரில் அவர் நடத்திய பள்ளிகள் நிலைத்தில. கறுப்பினச் சிறுமி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, பிற பெற்றோர் எதிர்த்தபோதும் அவளை விலக்க மறுத்தமையால், 1839-ல் அவருடைய கடைசிப் பள்ளியும் அழிந்தது. கொள்கைக்காகப் பொருளை இழக்க அவர் அஞ்சினாரல்லர். ஆயினும், வீட்டில் அடுப்பெரிய வழி தேடவும் அறிந்தாரல்லர்.

1843-ல் அவர் நண்பர் சிலருடன் கூடி, மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் 'புரூட்லண்ட்ஸ்' என்னும் பண்ணையை நிறுவினார். அங்கே ஊனுணவு விலக்கு. பாலும் வெண்ணெயும் விலக்கு. கம்பளி ஆட்டின் உடைமையாதலாலும், பருத்தி அடிமைகளின் உழைப்பால் விளைவதாதலாலும் அவையும் ஆகா. நோக்கம் உயர்ந்ததே, ஆனால் பனிக்காலம் வந்ததும் ஏழு மாதத்தில் எல்லாம் குலைந்தது. அக்காலத்தில் வீட்டின் பாரம் முழுவதையும் சுமந்தவர் தாயார். பத்துப் பதினொரு வயதுச் சிறுமியாகிய லூயிசா அதனைக் கண்டிருந்தார். குடும்பத்தைத் தாமே தாங்கவேண்டும் என்று பின்னாளில் அவர் பூண்ட உறுதிக்கு இங்கேதான் வித்து விழுந்தது எனலாம்.

கான்கார்டு என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். எமர்ஸன் தம் நூல்நிலையத்தை அச்சிறுமிக்குத் திறந்துவிட்டார். தோரோ காட்டையும் ஏரியையும் காட்டினார். அடக்கமே பெண்பிள்ளைக்கு அணியென்று கருதப்பட்ட காலம் அது. லூயிசாவோ ஓடுவார், மரமேறுவார், சினம் மிகுந்தவர். ஆணாய்ப் பிறவாமைக்கு வருந்துவார். சாந்தமே உருவான மூத்த மகளைப்போல் இவரும் இருத்தல்வேண்டும் எனத் தந்தையார் விழைந்தார். தாயார் மட்டும் அவ்வேகத்தில் ஓர் ஆற்றலைக் கண்டு, எழுதுமாறு ஊக்கினார். 1846-ல் பதின்மூன்றாம் வயதில் லூயிசாவுக்கென ஒரு தனியறை கிடைத்தது. அச்சிற்றறையே அவருக்கு முதற் பல்கலைக்கழகம்.

வறுமையும் எழுதுகோலும்

தையல், பள்ளி ஆசிரியத் தொழில், வீட்டு வேலை ஆகிய எதனையும் அவர் இழிவெனக் கொள்ளவில்லை. 1851-ல் டெட்ஹாம் என்னும் ஊரில் ஒரு வீட்டில் ஏழு வாரம் பணிப்பெண்ணாய் உழைத்துப் பெற்ற கூலி 4 டாலரே. அவ்வாண்டில் அவருடைய முதற் பாட்டு, புளோரா பேர்பீல்டு என்னும் புனைபெயரில் அச்சேறிற்று. 1854-ல் எமர்ஸனின் மகளுக்கெனப் புனைந்த கதைகள் நூலாகி 32 டாலர் தந்தன. 1858-ல் தங்கை எலிசபெத்து, செங்காய்ச்சலின் பின்விளைவால் மெலிந்து உயிர் நீத்தாள். அத்துயரம் அவர் நெஞ்சில் பத்தாண்டு உறங்கிக் கிடந்தது.

பாஸ்டன் நகரத்துப் புகழ்பெற்ற பதிப்பாளர் ஜேம்ஸ் பீல்ட்ஸ், எழுத்து இவருக்கு வாராது, ஆசிரியத் தொழிலே போதும் என்று அறிவுரை கூறி, சிறு பள்ளி தொடங்க 40 டாலர் கடனும் கொடுத்தார். லூயிசா அப்பள்ளியை நடத்தினார். எழுத்தை மட்டும் விடவில்லை. வாரப்பத்திரிகைகள் விரும்பியவை பழிவாங்கலும் வேடமும் வஞ்சமும் நிறைந்த கதைகள். அவற்றைப் பெயரின்றியும், ஏ. எம். பார்னார்டு என்னும் புனைபெயரிலும் எழுதிக் குடும்பத்துக்கு உணவும் உடையும் தேடினார். அப்பெயருக்குரியவர் இவரே என்பது 1943-ல்தான் உலகுக்குத் தெரிய வந்தது.

போர்க்காலத் தொண்டு

உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், 1862-ம் ஆண்டு டிசம்பரில், வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுன் இராணுவ மருத்துவமனையில் தாதியாய்ச் சேர்ந்தார். பிரடரிக்ஸ்பர்க்குப் போரிற் புண்பட்டோர் வண்டி வண்டியாக வந்திறங்கிய நேரம் அது. புண் கழுவினார், சாகின்றவர் அருகில் விழித்திருந்தார், எழுதவியலாதார்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் டைபாய்டு காய்ச்சல் அவரையே வீழ்த்தியது. கொடுத்த மருந்திற் கலந்த பாதரசமே தம் உடலைக் கெடுத்ததென்று அவர் இறுதிவரை நம்பினார். பிற்கால மருத்துவர் சிலர் வேறு நோயும் இருந்திருக்கலாம் என ஐயுறுகின்றனர்.

அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் திருத்தி 1863-ல் 'ஆஸ்பிட்டல் ஸ்கெட்சஸ்' என வெளியிட்டார். வேடமும் வஞ்சமும் அதில் இல்லை. கண்டதும் கேட்டதும் நகையும் கண்ணீருமே இருந்தன. மக்கள் அதனை விரும்பி வரவேற்றனர். அவருடைய சொந்தக் குரல் முதன்முதல் ஒலித்தது இந்நூலிலேதான் என்பது நம் துணிபு. ஆயினும் அதனை அவர் உடனே அறிந்துகொண்டதாகத் தெரியவில்லை. மறு ஆண்டில் வந்த 'மூட்ஸ்' என்னும் நவீனத்தைப் பதிப்பாளர் விருப்பப்படி பல அதிகாரங்கள் குறைத்து வெளியிட்டார். அக்குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது போலும். 1882-ல் அந்நூலைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்.

சொந்தக் குரல்

1867-ல் தாமஸ் நைல்ஸ் என்னும் பதிப்பாளர், சிறுமியர்க்கென ஒரு கதை எழுதித் தருமாறு கேட்டார். லூயிசாவுக்கு அதில் மனமில்லை. தம் சகோதரியரையன்றிப் பெண்பிள்ளைகளை அறியேன் என்று தயங்கினார். பின்னர் 1868-ம் ஆண்டு மே மாதத்தில், அறிந்த அந்நால்வரையே எழுதத் துணிந்தார். அன்னா மெக் ஆனாள். எலிசபெத்து பெத் ஆனாள். மே ஏமி ஆனாள். சினமும் எழுத்து வேட்கையும் கொண்ட ஜோ, லூயிசாவே. முதல் அதிகாரங்கள் சுவையற்றன என்று பதிப்பாளரும் கருதினார், ஆசிரியரும் கருதினார். அவற்றைப் படித்த சிறுமியர் கருத்தோ வேறாயிருந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வெளிவந்த 2,000 பிரதிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

இந்நூலின் முதற் பாகம் பனியனின் 'மோட்ச பிரயாணம்' என்னும் நூலை அடியொற்றியது. அப்பிரயாணியின் சுமையும் இடுக்கமான வழியும் இங்கே சமையலறையிலும் தையற்கூடையிலும் காணப்படுகின்றன. அதே நூலைப் பாளையங்கோட்டை எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள் 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' எனத் தமிழ்க் காப்பியமாக்கினார். மூலம் ஒன்று, கடலுக்கு இப்பாலும் அப்பாலும் எழுந்த குரல்கள் இரண்டு. கம்பனைக் கற்ற நாவிற்குக் காப்பியமும், அடுக்களையில் வளர்ந்த கைக்கு வீட்டுக் கதையும் இயல்பாயின. பிறர் நூலைக் கற்பதால் தன் குரல் கெடாது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

ஜோ அண்டைவீட்டு இளைஞன் லாரியை மணத்தல்வேண்டும் என வேண்டி வாசகியர் கடிதங்களாகக் குவித்தனர். அவளை மணமாகாத எழுத்தாளராகவே விட ஆசிரியர் விரும்பினார். வாசகியர்க்கும் முழுவதும் இணங்காமல், தம் விருப்பத்தையும் முழுவதும் பேணாமல், 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஏழையும் நடுவயதினருமான ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவரை ஜோ மணக்கச் செய்தார். சொந்தக் குரலைப் பெற்றவர்க்கும் அதனைக் காப்பதற்குப் போராட்டம் உண்டு என்பதை இது காட்டுகின்றது. லூயிசா அம்மையார் இறுதிவரை மணம் புரிந்திலர்.

பிற்காலம்

குடும்பக் கடன்கள் அனைத்தும் தீர்ந்தன. பீல்ட்ஸிடம் பெற்ற 40 டாலரையும் திருப்பிக் கொடுத்தார். தங்கை மே ஐரோப்பாவில் ஓவியம் பயில உதவினார். தமக்கை கணவர் 1870-ல் இறந்தபோது, அவர் மைந்தர்க்கு ஆதரவாக 'லிட்டில் மென்' எழுதினார். மே ஒரு பெண்மகவை ஈன்று 1879-ல் மறைய, அக்குழந்தையைத் தாமே வளர்த்தார். வலக்கைப் பெருவிரல் சோர்ந்தபோது இடக்கையால் எழுதப் பழகினார். எனினும் புகழும் ஒரு சிறையாயிற்று. நற்போதனைக் கதைகளையே உலகம் அவரிடம் கேட்டது. 1877-ல் இருண்ட பொருளுடைய நவீனம் ஒன்றை எழுதியபோது மீண்டும் தம் பெயரை மறைக்க நேர்ந்தது.

பள்ளிக்குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1879-ல் மாஸச்சூஸெட்ஸ் பெண்களுக்குக் கிடைத்தபோது, கான்கார்டில் முதற்கண் பெயர் பதிந்தவர் அவரே. நூலில் எழுந்த குரல் ஊர்மன்றத்திலும் எழுந்தது. தந்தையார் 1888-ம் ஆண்டு மார்ச் 4-ம் நாள் இறந்தார். மகளார் இரண்டு நாள் கழித்து, 55-ம் வயதில், மார்ச் 6-ம் நாள் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்களே, நாம் பெருநூல்களைக் கற்று அவற்றின் நடையிலே எழுதிப் பழகும் பருவத்தினர். அது தக்கதே. ஆயினும் நம் வீட்டுத் திண்ணையும், நம் அன்னையர் படும் பாடும், நம்முடன் பிறந்தார் பேச்சும் எழுதத்தகாதன என்று தள்ளிவிடுகின்றோம். அம்மையாரும் முப்பத்தைந்து வயதுவரை அவ்வாறே எண்ணினார். சுவையற்றது என அவர் அஞ்சிய அவ்வீட்டையே உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கின்றது.