விதை சுமந்த எறும்புகள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் களங்களில் சிந்திய கேழ்வரகு மணிகளை எறும்புகள் வளைக்குள் இழுத்துச் செல்வதை உழவர் நன்கறிவர். ஆயினும், எறும்பு தானியம் சேர்ப்பதில்லை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் பலர் கருதினர். அவர்கள் கண்ட குளிர்நாட்டு எறும்புகள் அவ்வாறு செய்யாமையே அதற்குக் காரணம்.

அக்கருத்து மாற உதவியவர்களுள் ஒருவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். 1811இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், எடின்பரோவில் பயின்று, 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். மருத்துவப் பணியோடு பறவைகளையும் சிற்றுயிர்களையும் ஆராய்ந்தார்.

அவரது அறையில் இருந்த லெட்டூஸ் கீரை விதைப் பொட்டலங்களை அவரறியாமலே எறும்புகள் வெறுமையாக்கின. தோட்டத் தொட்டிகளைத் தொங்கவிட்டுக் காக்காவிடில், விதைத்தவை அனைத்தும் ஓரிரவில் மறைந்தன. பிறர்க்கு இழப்பாகத் தோன்றியது அவருக்கு ஆய்வுப்பொருளாயிற்று. எறும்புகள் எவ்விதைகளை மிகுதியும் நாடுகின்றன என நோக்கினார். மழைக்கால இறுதியில் அவை விதைகளை வெளியே கொணர்வதையும், வளையருகே உமி குவிந்து கிடப்பதையும் கண்டார். அவை விதைகளை உண்கின்றனவா என்பதை மட்டும் அவர் காணவில்லை. ஆகவே, அது தமக்குத் தெரியாது என்றே எழுதினார்.

தென்னிந்திய எறும்புகளைப் பற்றிய அவரது பட்டியல் 1851இல் வெளிவந்தது. துள்ளிப் பாயும் எறும்பினம் ஒன்றை அதில் முதன்முதலாக விவரித்தார். 1872இல் மறைந்தார். மறு ஆண்டில், தென்பிரான்சில் எறும்பு வளைகளைத் தோண்டி விதைக் களஞ்சியங்களைக் கண்ட மோகரிட்ஜ் தம் ஆய்வை நூலாக்கினார். அதில் ஜெர்டனின் குறிப்புகளையும் எடுத்தாண்டார். கண்டதைக் கண்டவாறும் அறியாததை அறியாததாகவும் எழுதியமையே அக்குறிப்புகளின் வலிமை.