சுப்பாராவ் தந்த மருந்து

மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயிலான ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதுகிறேன், நண்பர்களே! அவர்தான் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் தடவை பாஸானார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ்.க்குப் பதில் எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு மெத்தோட்ரெக்சேட் மருந்தை உருவாக்கியது. 1948-இல் காலமானார்.

முதலில் புற்றுநோய்க்குத்தான் அந்த மருந்து. முடக்குவாதத்தில், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே நம் மூட்டுகளைத் தாக்குமாம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! குறைந்த அளவில் கொடுத்தால் இம்மருந்து அதை அடக்கும். 1988-இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கும் இதை அனுமதித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எங்க பாட்டி வாரம் ஒருநாள் போடுறது இந்த மாத்திரைதான். தினமும் போட்டா ஆபத்து. அதனால கிழமையைக் காலண்டரில் குறிப்பது என் வேலை!

– 9-ஆம் வகுப்பு மாணவி, மன்னார்புரம்