ரவாங்கில் தொழில், பத்துமலையில் கோயில்: தம்புசாமி பிள்ளை

தைப்பூசம் வந்தால் சுங்கை செம்பிலாங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பத்துமலைக்குச் செல்வார்கள். அந்தத் தலத்துக்கு வித்திட்டவர், ரவாங்கில் ஈயச் சுரங்கத் தொழில் நடத்திய கா.தம்புசாமி பிள்ளை.

1850-இல் சிங்கப்பூரில் பிறந்த அவர், ராபிள்ஸ் கல்விக்கழகத்தில் படித்தார். 1875-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனுடன் சிலாங்கூர் வந்து, அரசாங்கக் கருவூலத்தில் தலைமை எழுத்தரானார். பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு வணிகத்தில் இறங்கினார்.

சீன வணிகர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் நடத்தினார். 1894-இல் சுரங்க வேலைக்காக இருவரும் நிறுவிய மின்னாக்கியே நாட்டின் மின்சார வரலாற்றுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் உருவானபோதும் இருவரும் முன்னின்றனர்.

வேல் போலத் தோன்றிய பத்துமலைக் குகை வாயில் அவர் மனத்தைக் கவர்ந்தது. 1891-இல் அங்கு முருகன் சிலை பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் தைப்பூசம் நடந்து வருகிறது.

1902-இல் பிள்ளை காலமானார். கோலாலம்பூரில் அவர் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில், தொடக்கத்தில் அவர் குடும்பத்தாரின் சொந்த வழிபாட்டிடமாகவே இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அதன் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. பிறகு நிர்வாகமும் குடும்பத்தின் கையிலிருந்து அறங்காவலர்களிடம் சென்றது.

இன்று தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது அந்தக் கோயில் வாசலிலிருந்துதான். ஒரு குடும்பம் கும்பிட்ட இடம் ஊர் கும்பிடும் இடமாகிவிட்டது.