காசு சுண்டிப் போட்ட கோமாளி

அமெரிக்காவா? ஆஸ்திரேலியாவா?

எந்த நாட்டுக்குப் பிழைக்கப் போவது? ஜார்ஜ் காப்பின் ஒரு காசைச் சுண்டிப் போட்டார். ஆஸ்திரேலியா என்று விழுந்தது. கப்பல் ஏறிவிட்டார்!

1843-ம் ஆண்டு அவர் சிட்னி நகரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

காப்பின் இங்கிலாந்தில் 1819-ல் பிறந்தவர். பெற்றோர் ஊர் ஊராக நாடகம் போட்டுப் பிழைத்தவர்கள். பிள்ளையும் சிறு வயதிலேயே மேடை ஏறினான். சிரிப்பு வேடம் அவருக்குக் கைவந்த கலை.

திவால்

ஆஸ்திரேலியாவில் பணம் குவிந்தது. அதைச் சும்மா வைத்திருக்க அவரால் முடியுமா? செம்புச் சுரங்கத்தில் போட்டார்.

1851-ல் பக்கத்தில் உள்ள விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. காப்பின் குடியிருந்த அடிலெய்டு நகரமே அங்கே ஓடியது. ஆட மேடை இருந்தது. பார்க்க ஆள் இல்லை! காப்பின் திவாலானார்.

அவரும் தங்கம் தோண்டப் போனார். பலன் இல்லை. மறுபடி வேடம் கட்டினார். தங்கம் கண்டவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பணம் சேர்ந்ததும் அடிலெய்டுக் கடன்காரர்களுக்குக் காலணா பாக்கி இல்லாமல் கொடுத்துத் தீர்த்தார்.

பிறகு இங்கிலாந்து போய், 1854-ல் திரும்பினார். புரூக் என்ற பெரிய நடிகரை அழைத்து வர ஏற்பாடு செய்தார். அதோடு விட்டாரா? ஒரு நாடகக் கொட்டகையையே இரும்பில் செய்து, பிரித்து, கப்பலில் ஏற்றினார்! 1855-ல் மெல்போர்னில் அதைப் பூட்டித் திறந்தார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர், இரும்புச் சட்டி.

மறு ஆண்டே புரூக்குடன் சேர்ந்து தியேட்டர் ராயல் என்ற பெரிய கொட்டகையையும் வாங்கினார்.

கோடையில் பனி

அந்தக் காலத்தில் கொட்டகைக்காரர்கள் ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருந்தது கிறிஸ்துமஸ் நாடகத்தைத்தான். அதற்குப் பாண்டமைம் என்று பெயர். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து குவியும்.

கதை எல்லோருக்கும் தெரிந்த சிந்துபாத், சிண்டரெல்லா போன்றதுதான். ஆனால் ராஜபார்ட் வேடத்தில் வருவது ஓர் இளம்பெண்! கிழவி வேடத்தில் வருவது ஓர் ஆண்! நடுவில் ஊர் மந்திரிகளுக்கும் கேலி விழும். சீன் மேல் சீனாக விலகி, கடைசியில் தேவலோகம் தெரியும். ஜான் ஹென்னிங்ஸ் என்ற ஓவியர் தீட்டிய சீன்களைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

ஆஸ்திரேலியாவில் டிசம்பர் மாதம் நல்ல கோடை. மேடையிலோ இங்கிலாந்துப் பனி! காஸ் விளக்குகளின் சூட்டில் நடிகர்கள் வெந்தார்கள். வந்து குடியேறியவர்களுக்கு விட்டு வந்த ஊரை இரண்டு மணி நேரம் பார்க்கக் கிடைத்தது.

தீ

காப்பின் கை சும்மா இருக்கவில்லை. மெல்போர்னில் கிரெமோர்ன் என்ற கேளிக்கைத் தோட்டம் நடத்தினார். ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக மனிதன் பலூனில் பறந்தது 1858-ல் அங்கேதான். ஒட்டகங்களையும் வரவழைத்துக் காட்டினார். தோட்டம் பணத்தை விழுங்கியது.

1872 மார்ச்சில் தியேட்டர் ராயல் தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. காப்பினுக்கு வயது 52. இனி அவ்வளவுதான் என்று ஊர் நினைத்திருக்கும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அதே இடத்தில் புதுக் கொட்டகை திறந்தாகிவிட்டது!

சிரிப்பு நடிகர் சட்டசபைக்கும் போனார். தபால் ஆபீஸ் சேமிப்பு பாங்குக்காக அங்கே வாதாடினார். ஆதரவற்ற முதியோருக்கு வீடுகள் கட்டித்தர ஒரு சங்கமும் அமைத்தார்.

1906-ல் மெல்போர்னில் அவர் காலமானபோது வயது 86.